அன்னவாசலில் அம்மாவின் பெயரைத் தேடி...

திருச்சியிலிருந்து அன்னவாசலுக்கு இரண்டு வழி. கீரனூர், நார்த்தாமலை என்று புதுக்கோட்டை ரோட்டில் வந்து திரும்பலாம். விராலிமலை போய் இலுப்பூர் வழியாகவும் வரலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. விராலிமலை தாண்டினால் ரோட்டோரத்தில் மயில்கள் கோழி மாதிரி மேய்ந்துகொண்டிருக்கும். அப்புறம் செம்மண், தைலமரக் காடு, நடுநடுவே கடலை போட்ட கொல்லைகள், திடீரென்று முதுகு காட்டிப் படுத்திருக்கும் கரும்பாறை. மழை குறைவான பூமி. அதனாலேயே ஊரை விட்டுப் போனவர்கள் அதிகம் உள்ள பூமி.

இந்த முறை என் மடியில் ஒரு பச்சை நிற ஃபைல் இருந்தது. அம்மாவின் பேப்பர்கள்.

போன ஐப்பசி மழையில் அம்மா பின்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டாள். ராத்திரி பத்து மணிக்கு விழுந்தவளை, விடிகாலையில் பால் ஊற்ற வந்த பையன்தான் பார்த்து, பக்கத்து வீட்டு ராவுத்தர் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறான். எலும்பு முறியவில்லை. ஆனால், அந்த ஏழு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது. நான் திருச்சியில், தம்பி சிங்கப்பூரில். அப்பா போன பிறகு அன்னவாசல் வீட்டில் அம்மா மட்டும்தான். "வந்து என்கூட இரும்மா" என்று நானும் பத்து வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "மாப்பிள்ளை வீட்டுல எத்தன நாளு இருக்க முடியும்?" என்பதுதான் பதில். மகன் வீடு என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பாள். நம் ஊர் அம்மாக்களின் சட்டம் அப்படி.

தம்பி போன் பண்ணினான். "அக்கா, அம்மாவை இங்க ஸ்பான்சர் பண்ணிடலாம்னு இருக்கேன். பேப்பரெல்லாம் நீதான் எடுத்துத் தரணும்."

ஸ்பான்சர் என்ற வார்த்தை அன்னவாசலுக்குப் புதிதில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று பத்து பேரிடம் பேசினால் நாலு பேர் வீட்டில் பாஸ்போர்ட் முத்திரை பார்த்த ஆள் இருக்கும். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கோடாலித் தைலம் வாசம் அடிக்கும். ஆனால், இங்கிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் 'டெஸ்ட் அடித்து' கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வொர்க் பெர்மிட்டில் போகிறவர்கள். அவர்களுக்கும் ஸ்பான்சருக்கும் சம்பந்தமே கிடையாது. வொர்க் பெர்மிட்டில் இருக்கிறவர் இருபது வருஷம் அங்கே கல்லும் கம்பியும் தூக்கினாலும் மனைவியையோ குழந்தையையோ குடும்ப பாஸில் கூட்டிக்கொள்ள முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளையோ, நிரந்தரவாசப் பெண்ணையோ கல்யாணம் செய்வதற்குக்கூட அங்குள்ள மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்று மேல் படிக்கட்டில் இருந்து, மாதச் சம்பளம் 6,000 வெள்ளியைத் தொட்டால்தான் மனைவிக்கும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் பாஸ் கேட்கலாம். அப்பா அம்மாவைக் கூட்டிவைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 12,000 வெள்ளி. எங்கள் தெருவில் விடிகாலை வீடியோ காலில் பிள்ளை முகம் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவர்கள்.

தம்பி அந்தக் கணக்குக்குள் நுழைந்துவிட்டவன். பாலிடெக்னிக் முடித்து எஸ் பாஸில் போய், படிப்படியாக ஏறி, 2012-ல் பி.ஆர். வாங்கினான். மனைவி, மகன் எல்லோரும் பி.ஆர். சரி, அப்படியே அம்மாவுக்கும் பி.ஆர். கேட்டுவிடலாமே என்றுதான் நானும் நினைத்தேன். அது முடியாதாம். மகன் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால்தான் வயதான பெற்றோருக்கு நிரந்தரவாசம் கேட்கலாம். மகனே பி.ஆர். என்றால் அம்மாவுக்கு நீண்டகால வருகை பாஸ் மட்டும்தான். காலம் முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அரசுச் சலுகையும் கிடையாது. அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு ஆஸ்பத்திரிதானே முக்கியம்!

அதனால் தம்பி சொன்னான்: "நான் சிட்டிசன் ஆயிடறேங்க்கா. அப்புறம் அம்மாவுக்கு அப்ளை பண்றேன்."

சிட்டிசன் ஆவது என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது. இரட்டைக் குடியுரிமை நம் சட்டத்திலும் இல்லை, அவர்கள் சட்டத்திலும் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற நிமிஷமே, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி ஒருவர் இந்தியக் குடிமகன் அல்ல. இதை அம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பும் என் தலையில்தான்.

ஊருக்கு வந்து முதல் வேலையாகத் தம்பியின் பிறப்புச் சான்றிதழைத் தேட ஆரம்பித்தோம். 'தம்பியுடையதா, அம்மாவுடையது இல்லையா?' என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு மகன் ஸ்பான்சர் செய்யும்போது முதலில் நிரூபிக்க வேண்டியது, இவள்தான் அவனைப் பெற்றவள் என்பதை. அதற்கு அவனுடைய பிறப்புச் சான்றில் தாயார் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் அம்மாவின் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். தம்பியிடம் அந்தச் சான்றே கிடையாது. 1989 ஜனவரி 26-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அப்போது பாஸ்போர்ட் எடுக்கப் பள்ளிச் சான்றிதழே போதுமாக இருந்தது. பி.ஆர். வாங்கும்போதும் அதையும் ஒரு நோட்டரி உறுதிமொழியையும் வைத்து ஒப்பேற்றியிருக்கிறான். இப்போது ஒரிஜினல் வேண்டும் என்கிறான்.

தம்பி பிறந்தது 1979-ல். அன்னவாசலை ஒட்டிய எங்கள் சிற்றூரில், வீட்டிலேயே, மருத்துவச்சி கையில் பிறந்தவன். அந்தக் காலத்தில் பிறப்பு இறப்பை எழுதியது கிராம முன்சீப். பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது அடுத்த வருஷம், 1980 நவம்பரில். அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் இப்போதைய வி.ஏ.ஓ.க்கள். ஆக, தம்பியின் பிறப்பு அந்தப் பழைய முறையின் கடைசிப் பக்கங்களில் எங்கேயோ இருந்தாக வேண்டும்.

பழைய பதிவேடுகள் இருக்கும் அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. எல்லா அலுவலகமும் ஏறக்குறைய அதேதான். முதல் நாள் சாவி இல்லை. இரண்டாம் நாள் சாவி இருந்தது, ஆள் இல்லை. மூன்றாம் நாள் ஒரு நல்ல மனிதர், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, நுனி பொடிந்த பதிவேடு ஒன்றைத் தூக்கி வந்தார். பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். கிடைத்துவிட்டது! தேதி சரி. அப்பா பெயர் சரி. குழந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆண்' என்று மட்டும். அது பரவாயில்லை, பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்தால் அப்படித்தான் இருக்கும், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

தாயார் பெயர்: சின்னப்பொண்ணு.

"உங்கம்மா பேரு இதுவாம்மா?" என்று அவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அம்மாவின் ஆதாரில், பாஸ்போர்ட்டில், ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் வேறு. சின்னப்பொண்ணு என்பது அம்மாயி வீட்டில் கூப்பிட்ட பெயர். கல்யாணமாகி வந்த பிறகும் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. முன்சீப்பும் ஊர்க்காரர்தானே! மருத்துவச்சி வந்து 'சின்னப்பொண்ணுக்கு ஆம்பளப் புள்ள' என்று சொல்லியிருப்பாள், அவர் அப்படியே எழுதிவிட்டார். 46 வருஷம் கழித்து இந்த எழுத்துகள் சிங்கப்பூரில் ஒரு மேஜைக்குப் போகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மதியம் வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கொஞ்சம்கூடக் கவலைப்படவில்லை. "சரியாத்தானே எழுதியிருக்காக" என்றாள்.

இந்த ஊரில் பேப்பரால் குடும்பம் பிரிந்த கதை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்பத்தாவின் அண்ணன் கண்டிச் சீமைக்குப் போனவர். புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்துச் சனம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது கங்காணி மூலமாக. கங்காணிதான் அன்றைய ஸ்பான்சர். சொந்தக்காரன், ஊர்க்காரன், கூட்டிக்கொண்டு போவான். போகும் வழிச் செலவெல்லாம் கடனாகத் தலையில் ஏறும். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டத்துக்கு மாறினால் துண்டும் கூடவே போகும். 1921-ல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும் அந்தச் சனம் யார் என்ற கேள்வி வந்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் அவர்கள் வெளியே நின்றார்கள். அடுத்த வருஷம் வந்த இன்னொரு சட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்றார்கள்: கல்யாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவன் எந்தப் பேப்பரைக் காட்டுவான்? ஊருக்கு ஒரு திருவிழாவுக்கு வந்து போனதும் தொடர்ச்சி அறுந்ததாக ஆனது. கடைசியில் 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைகளை எண்ணிப் பிரித்ததில் ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று ஆன குடும்பங்கள் உண்டு. அப்பத்தாவின் அண்ணன் திரும்பி வரவே இல்லை. அவர் பெண்ணிடமிருந்து கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு ராவுத்தர் மாமா வீட்டுக் கதை மலேயாக் கதை. அவருடைய அத்தா ஈப்போவில் மளிகைக் கடையில் நின்றவர். 1953-ல் அங்கே குடிவரவுச் சட்டம் இறுகிய பிறகு, புதிதாக ஆள் போவது குறைந்துபோனது. அவர் கையில் சிவப்பு ஐ.சி., அதாவது நிரந்தரவாசி அட்டை. குடிமக்களுக்குத்தான் நீலம். 1969-க்குப் பிறகு குடிமகன் இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தது. சிவப்பு அட்டைக்காரர்களுக்கும் அதே விதி. ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறினார்கள், அத்தாவும் ஏறிவிட்டார். "எங்கம்மாவ அங்க அழைக்கணும்னு மூணு தடவ எழுதிப் போட்டாக. நாலாவது தடவை அவகளே வந்து நின்னாக" என்று மாமா சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிவப்பு அட்டையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

இப்போது தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் வேறு வேறு கதை. கோடி வீட்டுப் பிள்ளை கனடாவில். பெற்றோரை ஸ்பான்சர் செய்ய அங்கே குலுக்கல் மாதிரி ஒரு முறை: 2020-ல் விருப்பப் படிவம் போட்டவர்களிலிருந்துதான் அடுத்தடுத்த வருஷங்களிலும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் படிவம் போடாதவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கிடைத்தாலும் 20 வருஷம் பெற்றோரின் செலவை நானே பார்க்கிறேன் என்று மகன் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் அவர்கள் சூப்பர் விசாவில் போனார்கள். ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை இருக்கலாம். மருத்துவக் காப்பீடு கட்டாயம். போன மாசி மாதமே அந்த அம்மா திரும்பிவிட்டார். குளிராம். "ஜன்னலத் தொறக்க முடியலத்தா, அதுதான்" என்றார். எனக்கென்னவோ ஜன்னல் மட்டும் காரணமாகத் தெரியவில்லை. அமெரிக்கா என்றால் பெற்றோருக்கு வரிசை கிடையாது, மகன் குடிமகனாக இருந்தால் போதும். ஆனால், கூடப் பிறந்தவர்களுக்குப் போட்டால் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் கூப்பிடுவார்கள். இந்தியாவிலிருந்து அந்த வரிசை 15 வருஷத்துக்கும் மேல். ஆஸ்திரேலியாவில் இன்னொரு வேடிக்கை. பெற்ற பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் அங்கே இருந்தால் பெற்றோர் விசா கேட்கலாம். எங்கள் அம்மாவுக்கு இரண்டில் ஒன்று, சரியாகப் பாதி தேறும்! பிள்ளைகளை எண்ணிப் பார்த்து அம்மா யாருடையவள் என்று முடிவு செய்கிற சட்டம்.

நாலாவது நாள் அலுவலகம் லீவு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசலுக்குப் போனேன். எங்களுக்கு அது வெளியூர் இல்லை. ஆட்டோ ஏறினால் சில நிமிஷத்தில் வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருக்கும்போது தூக்குச் சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போன இடம்.

ஊருக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அறிவர் கோயிலை. பாறையைக் குடைந்த சின்னச் சமணக் கோயில். விதானத்தில் தாமரைக் குளம்: பூப்பறிக்கும் ஆட்கள், மீன், வாத்து, யானை. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. அதில் வரும் அண்ணல்வாயில்தான் வாயில் வழுக்கி அன்னவாசல் ஆகிவிட்டது. செந்தலைத் தூண் கல்வெட்டுகளில் முத்தரையர் போரிட்ட களங்களின் வரிசையிலும் அண்ணல்வாயில் வருகிறது. இப்போது அங்கே நடக்கும் போர், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத்தான்.

ஓவியத்தை விட எனக்கு முக்கியம் மலை மேலிருக்கும் ஏழடிப்பட்டம். படி ஏறி, மலையின் மறுபக்கம் இறங்கி, பாறை விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் இயற்கையான குகை ஒன்று. உள்ளே வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் கல் தலையணையோடு. அம்மாவால் ஏற முடியாது. கீழே புளியமர நிழலில் உட்கார்ந்துகொண்டு, "நீ போயிட்டு வா, நான் என்ன பாக்காததா?" என்றாள்.

அங்கே ஒரு படுக்கையில், தமிழ் பிராமி எழுத்தில், ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டு இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்கள் படித்துச் சொன்னது இது: எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்கு, சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை. எருமி நாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம் என்கிறார்கள். மைசூர் எங்கே, அன்னவாசல் எங்கே! நடந்துதான் வந்திருப்பார். வந்தவருக்கு உள்ளூர்க்காரர் படுக்கக் கல் செதுக்கிக் கொடுத்து, அதைக் கல்லிலும் எழுதி வைத்திருக்கிறார்.

எத்தனையோ தடவை பார்த்த கல்வெட்டுதான். ஆனால், பத்து நாளாகப் படிவம் நிரப்பிய கண்ணோடு பார்த்தபோது வேறு மாதிரி தெரிந்தது. பெயர் இருக்கிறது. பிறந்த ஊர் இருக்கிறது. நாடு இருக்கிறது. ஏற்பாடு செய்தவர் பெயரும் ஊரும் இருக்கின்றன. என்ன கொடுத்தார் என்பதும் இருக்கிறது. பிறந்த தேதி மட்டும் இல்லை. எங்கள் அம்மாவுக்கும் அதுதான் இல்லை. அவளுடைய பாஸ்போர்ட்டில் இருக்கும் தேதி, கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிவிட்டு வாத்தியார் போட்ட தேதி.

கீழே இறங்கி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, அங்கேயே விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு பி.ஆர். வேண்டுமானால் தம்பி இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இங்க வர்றதுக்கு அவனுக்கு விசா வேணுமா?"

வேண்டாம், ஓ.சி.ஐ. என்று ஒரு அட்டை உண்டு, ஆயுசு முழுக்க எத்தனை தடவையும் வரலாம் என்றேன்.

"ஓட்டு?"

கிடையாது.

"அந்தக் கொல்லை?"

அம்மா கேட்பாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றே கால் ஏக்கர் கடலைக் கொல்லை. அப்பா கிணறு வெட்டித் தண்ணீர் வராமல் போன கொல்லை. ஓ.சி.ஐ. அட்டைக்காரர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. தானமாக எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள முடியாது. வெளிநாட்டிலேயே குடியிருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கும் அதே கட்டுப்பாடுதான். ஆனால், அம்மா அப்பாவிடமிருந்து வாரிசாக வருவதற்குத் தடையில்லை. இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப நான் செத்தாத்தான் அவனுக்கு. உசுரோட இருக்கையில குடுக்க முடியாது" என்று ஒரே வரியில் சட்டத்தைச் சொல்லிவிட்டாள். இதைப் புரிந்துகொள்ள நான் இரண்டு நாள் வக்கீலிடம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி தம்பி வீடியோ காலில் வந்தான். பின்னால் பேரன் தெரிந்தான். பதினாலு வயது, மீசை அரும்புகிறது. அப்பா வழியாக பி.ஆர். ஆன பையன் என்பதால், பதினாறரை வயதில் அவனும் தேசிய சேவைக்குப் பதிந்தாக வேண்டும். அப்புறம் இரண்டு வருஷம் பட்டாளப் பயிற்சி. "பேரன் துப்பாக்கி தூக்குற ஊருக்கு அப்பன் ஆளா இல்லாம இருந்தா எப்படிம்மா?" என்று தம்பி கேட்டான். அதுவரை அவன் என்னிடம்கூடச் சொல்லாத காரணம் அது. அம்மாவுக்காக மட்டும் இல்லை. அவனும் எப்போதோ முடிவு செய்துவிட்டான், அம்மா விழுந்தது அதைச் சொல்ல ஒரு சாக்கு. எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

"நீ ஒம் புள்ளைக்காகப் பண்றதுன்னா பண்ணு சாமி. எனக்காகன்னு சொல்லிப் பண்ணாத. அந்தப் பாரத்த என்னால சொமக்க முடியாது" என்றாள். "இப்போதைக்கு அந்த வருசா வருசம் புதுப்பிக்கிற சீட்டு இருக்குல்ல, அதுல வர்றேன். ஆறு மாசம் இருந்து பாக்குறேன். கார்த்திகைக்கு வீட்டுல வெளக்கு ஏத்தணும், வந்துருவேன்."

நீண்டகால பாஸுக்கும் அதே பிறப்புச் சான்றுதான். ஆக, சின்னப்பொண்ணு பிரச்னை அப்படியே இருந்தது.

இந்த மாதிரிச் சிக்கல் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். பெயரை மாற்றி அரசிதழில் போடுங்கள் என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். அதற்கு ஒரு ஏஜென்ட் பெரிய தொகை கேட்டார். அவரே, "பி.ஆருக்கும் கியாரண்டி தர்றோம்" என்றதும் எழுந்து வந்துவிட்டேன். விண்ணப்பத்தை ஏற்பதும் தள்ளுவதும் அந்த நாட்டு அதிகாரி கையில். அதற்கு இங்கே உட்கார்ந்து யார் கியாரண்டி தர முடியும்? உண்மையில் அம்மாவின் பெயர் மாறவே இல்லை. பதிவேட்டில்தான் வேறு பெயர் ஏறியிருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-லேயே இதற்கு வழி இருக்கிறது. விவரம் தெரிந்த, நம்பகமான இரண்டு பேர், 'இதுதான் தவறு, இதுதான் உண்மை' என்று உறுதிமொழி கொடுத்தால் பதிவாளர் திருத்தலாம். கூடவே ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. சான்று.

சாட்சி இரண்டு பேர். ஒருவர் எங்கள் அத்தை. தம்பி பிறந்த அன்று வெந்நீர் வைத்தவள். இன்னொருவர் ராவுத்தர் மாமா. வெள்ளைச் சட்டை, தொப்பியோடு அலுவலகத்துக்கு வந்தார். "இவங்கதான் சின்னப்பொண்ணுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டதற்கு, "அம்பது வருசமா என் தங்கச்சிய நான் வேற எப்படிக் கூப்பிட்டிருக்கேன்? ஆதாருல இருக்கற பேரு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். எழுதிக்கொண்டிருந்த ஊழியர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு, "என் அத்தாவுக்கு இப்படி ரெண்டு சாட்சி அங்க இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, டீ சாப்பிடப் போகலாம் என்றார்.

பதினெட்டு நாள் கழித்துச் சான்றிதழ் கைக்கு வந்தது. தம்பியின் பெயர் ஏறியிருந்தது. தாயார் பெயர், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி. இனி ஆங்கில மொழிபெயர்ப்பு, சென்னையில் மாநில அரசுச் சான்றொப்பம், அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. சிங்கப்பூர் 2021-லிருந்து அந்த முத்திரையை ஏற்கிற நாடுகளில் ஒன்று என்பதால், அதற்கு மேல் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அந்தப் பழைய பேர அழிச்சுப்புட்டாகளா?"

இல்லை என்றேன். திருத்தும்போது முதலில் எழுதியதைத் தொடக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பக்கத்து ஓரத்தில் சரியான பெயரை எழுதிப் பதிவாளர் கையெழுத்துப் போடுவார். முன்சீப் எழுதியது அப்படியே இருக்கும்.

"அப்பச் சரி" என்று சான்றிதழை மடித்து ஃபைலில் வைத்தாள். கடலை காயப்போட்டிருந்த சாக்கை உள்ளே இழுக்க எழுந்து போனாள். வடக்கே மேகம் கட்டியிருந்தது.